‘காந்தி’ படம் பார்த்தவர்கள் அந்த இடங்களைத் தேடிப் போவதற்கு: டர்பனிலிருந்து ஐந்து நாள் வழிகாட்டி

‘காந்தி’ படத்தைப் பார்த்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: “அவரைத் தள்ளிவிட்ட ஸ்டேஷன் எங்கே?” அந்த ஸ்டேஷன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், சுருக்கமாக மாரிட்ஸ்பர்க்கில், ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பலர் அங்கே போய்ப் படத்தில் கண்ட பிளாட்பாரத்தைத் தேடுகிறார்கள். அது கிடைக்காமல் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள். போவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டிய ஒரு வேலையை விட்டுவிடுவதுதான் இதற்குக் காரணம். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துப்போகும் டர்பன், மாரிட்ஸ்பர்க், ஜோஹானஸ்பர்க் தமிழர்களுக்கும், நேரே ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. நோட்டும் பேனாவுமாகப் படத்தை மறுபடி பாருங்கள்

1982இல் வெளிவந்த படம் 191 நிமிடம் ஓடும். நமக்கு வேண்டிய தென்னாப்பிரிக்கப் பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதை மட்டும் பாருங்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: திரையில் வருவது, உண்மையில் நடந்த இடமும் ஆண்டும், இன்று அங்கே மிச்சம் இருப்பது.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. எந்தப் படத்தைத் தொடர்ந்து போனாலும் கேமரா வைத்த இடம் ஒன்று, சம்பவம் நடந்த இடம் இன்னொன்று. இந்தப் படம் எடுக்கப்பட்டபோது இங்கே நிறவெறி ஆட்சி நடந்தது. தென்னாப்பிரிக்கக் காட்சி எதுவும் தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்படவில்லை. ஆகவே திரையில் கண்ட சுவரும் வாசலும் மாரிட்ஸ்பர்க்கில் இருக்காது. சம்பவம் நடந்த கட்டடமும் மண்ணும்தான் இருக்கின்றன. இந்த மண்ணிலேயே எடுத்த படம் வேண்டுமானால், ஷியாம் பெனகல் 1996இல் எடுத்த ‘தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா’வையும் பாருங்கள். காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகள்தான் அதன் முழுக் கதையும்.

நோட்டில் கட்டாயம் இருக்கவேண்டியவை:

ரயில் காட்சி. 1893 ஜூன் 7, பீட்டர்மாரிட்ஸ்பர்க். தள்ளிவிடப்பட்டவர் பிளாட்பாரத்தில் கிடப்பதோடு படம் நகர்ந்துவிடுகிறது. அன்றிரவு அவர் குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தது காத்திருப்பு அறையில். மேல்கோட்டு, ரயில்வேக்காரர்கள் எடுத்துவைத்த பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கவில்லை. இங்கேயே இருந்து போராடுவதா, ஊர் திரும்புவதா என்று யோசித்தது அந்த அறையில்தான். ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியதும் அந்த அறையைத்தான்.

இந்தியர்கள் கட்டாயம் வைத்திருக்கவேண்டியிருந்த பதிவுச் சான்றிதழ்களை எரிக்கும் காட்சி. படத்தில் ரயில் காட்சியை ஒட்டியே வந்துவிடும். உண்மையில் இடையே 15 ஆண்டுகள். நடந்தது ஜோஹானஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் முன்னால், 1908 ஆகஸ்ட் 16 அன்று. 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு எரிக்கப்பட்டன. திரையில் வரும் போலீஸ் அடி அந்த நாளுக்கு உரியதல்ல.

ஆசிரமக் காட்சிகள். இடம் டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் உள்ள ஃபீனிக்ஸ் குடியிருப்பு, 1904. கழிவறை சுத்தம் செய்வது பற்றிக் கஸ்தூரிபாவோடு நடக்கும் சண்டை படத்தில் இங்கே வருகிறது. காந்தி தன் வரலாற்றில் எழுதியபடி அது நடந்தது அதற்கு முன்பு, டர்பன் வீட்டில்.

சுரங்கத் தொழிலாளர் ஊர்வலம். மண்ணில் படுத்தவர்களை மிதிக்காமல் குதிரைகள் பின்வாங்கும் காட்சியை ஓர் இடத்தில் வைத்துக் காட்ட முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு, 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்த வேலைநிறுத்தமும், இந்தியர்கள் அனுமதியின்றி நுழையக்கூடாதிருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் எல்லையைத் தாண்டிய நடைப்பயணமும். அதற்குச் சாலை இருக்கிறது, அதில் போகலாம்.

நான்காவதாக ஒரு கட்டத்தையும் தமிழர்கள் சேர்த்துக்கொள்ளவேண்டும்: படத்தில் இல்லாதவர்கள். சிறை சென்று உயிரிழந்த தில்லையாடி வள்ளியம்மை, நாகப்பன், போராட்டத்தில் முன்னின்ற தம்பி நாயுடு, எஜமானிடம் அடிபட்டுக் காந்தியைத் தேடிவந்த ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம் ஆகியோர் அதில் வருவார்கள். இந்தக் கட்டத்தை நிரப்பாமல் புறப்பட்டால், போராட்டத்தில் பெரும் பங்கைச் சுமந்த நம்மவர்களின் கல்லறை பக்கத்துத் தெருவில் இருந்தாலும் தெரியாமல் கடந்துபோய்விடுவீர்கள்.

2. வழி: டர்பனில் இறங்கி ஜோஹானஸ்பர்க்கில் ஏறுங்கள்

பலர் ஜோஹானஸ்பர்க்கில் இறங்கி, டர்பனுக்குப் போய், மறுபடி ஜோஹானஸ்பர்க்குக்கே வருகிறார்கள். இரண்டுக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அதை இரண்டு முறை ஓட்டினால் ஒரு முழு நாள் வீண்.

டர்பனில் தொடங்கினால் 1893இல் காந்தி போன திசையிலேயே நீங்களும் போகலாம்: கடற்கரை, மாரிட்ஸ்பர்க், சார்ல்ஸ்டவுன், ஸ்டாண்டர்டன், ஜோஹானஸ்பர்க். 1913 நடைப்பயணமும் இந்தத் திசையில்தான் போனது. ஆகவே வரிசை இப்படி: முதல் நாள் இனாண்டா, இரண்டாம் நாள் மாரிட்ஸ்பர்க், மூன்றாம் நாள் நியூகாசில் வழியாக வோல்க்ஸ்ரஸ்ட், நான்காம் ஐந்தாம் நாட்கள் ஜோஹானஸ்பர்க்.

ஐந்து நாள் இல்லையென்றால் மூன்றாம் நாளை விட்டுவிட்டு விமானத்தில் போங்கள். பறக்கும் நேரம் ஒரு மணிதான். மாரிட்ஸ்பர்க்கை மட்டும் சுருக்காதீர்கள்.

3. புறப்படும் முன் செய்து முடிக்கவேண்டியவை

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டும். அது கைக்கு வந்த பிறகே உள்ளூர் ஏற்பாடுகளுக்குப் பணம் கட்டுங்கள்.

கார் எடுக்கும்போதே, டர்பனில் எடுத்து ஜோஹானஸ்பர்க்கில் விடுவதாகச் சொல்லிவிடுங்கள். ஊர் மாற்றி விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கடைசி நாளில் சொன்னால் தகராறாகும். இங்கே இந்தியாவைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். வழி கேட்டால் “ரெண்டாவது ரோபோட்டில் திரும்பு” என்பார்கள். ரோபோட் என்றால் சிக்னல். பெட்ரோல் பங்கில் நீங்கள் இறங்கவேண்டாம். ஊழியர் போடுவார், கண்ணாடியும் துடைப்பார், அவருக்குச் சில ரேண்ட் கொடுப்பது வழக்கம். என்3இல் சுங்கச் சாவடிகள் அடுத்தடுத்து வரும். கார்டோடு கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

ரயிலில் போகவேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். தொலைதூரப் பயணிகள் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். சேவை அடிக்கடி நின்றுபோகிறது. ஒரு ரயில் தவறினால் ஐந்து நாளும் சரிந்துவிடும்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வோர் இடத்துக்கும் போன் செய்யுங்கள். இனாண்டா அருங்காட்சியகம், மாரிட்ஸ்பர்க் காத்திருப்பு அறை, ஜோஹானஸ்பர்க் அருகேயுள்ள டால்ஸ்டாய் பண்ணை மூன்றுக்கும் இது கட்டாயம். சாவி வைத்திருப்பவர் இருந்தால்தான் உள்ளே போக முடியும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் பூட்டிய கதவின் முன் நிற்கிறார்கள்.

மாதம்: மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜூனில் மாரிட்ஸ்பர்க் இரவு நன்றாகவே குளிரும். ஜூன் என்றால் கோடை என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு வருகிறவர்கள் இங்கே வந்து ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். இங்கே அது குளிர்காலம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும் ஈஸ்டரை ஒட்டியும் என்3 நெரியும், தவிர்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன வசதி: இங்குள்ள பெரிய மூன்று துளை பிளக் பாயின்ட்டில், நம் ஊர் ஏ.சி., கீசருக்குப் போடும் பெரிய பிளக் பொருந்தும். அந்த வகை எக்ஸ்டென்ஷன் ஒன்றைக் கொண்டுவந்தால் எல்லாருடைய போனையும் சார்ஜ் செய்யலாம்.

4. முதல் நாள்: இனாண்டா

மேப்பில் வெறுமனே ‘ஃபீனிக்ஸ்’ என்று போடாதீர்கள். அது உங்களை நம்மவர்கள் வாழும் ஃபீனிக்ஸ் டவுன்ஷிப்புக்கு நடுவே கொண்டுபோய் விட்டுவிடும். நீங்கள் போகவேண்டியது அதை ஒட்டிய இனாண்டாவில், பம்பாயி என்ற பகுதியில். ‘பாம்பே’தான் அங்கே பம்பாயி ஆகிவிட்டது. டர்பன் நடுவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ‘காந்தி செட்டில்மென்ட், இனாண்டா’ என்று தேடுங்கள்.

காலை ஒன்பதரைக்கு முன்னால் சேருங்கள். சுற்றிலும் நெருக்கமான குடியிருப்பு. மினிபஸ் டாக்சிகள் நிறைய. பகல் வெளிச்சத்தில் போய்ப் பகலிலேயே திரும்புவது நல்லது. இனாண்டா பாரம்பரியப் பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போனால் பாதுகாப்பு மட்டுமல்ல, வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி விழிக்கும் சங்கடமும் இருக்காது. வீடுகளையும் பிள்ளைகளையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

உள்ளே ‘சர்வோதயா’ என்ற வீட்டைக் காண்பீர்கள். அது மறுபடி கட்டியது. மூல வீடு 1985 கலவரத்தில் எரிந்துபோனது. புதிதாகக் கட்டியதை 2000 பிப்ரவரி 27 அன்று அதிபர் தபோ ம்பெக்கி திறந்துவைத்தார். இது தெரியாமல் “இதே தரையில் நடந்தாரா?” என்று கேட்டு மனம் சோர்ந்துவிடுகிறார்கள். வீட்டை விட அதிக நேரம் கொடுக்கவேண்டியது அச்சகக் கட்டடத்துக்கு. ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை இந்தக் குடியிருப்பிலிருந்துதான் வந்தது. தொடக்க ஆண்டுகளில் அதில் தமிழ்ப் பகுதியும் உண்டு. படத்தில் இந்த வேலை சில நொடிகளில் கடந்துபோகும். அந்தக் குடியிருப்பு நின்றதே இதற்காகத்தான்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஒஹ்லாங்கே பள்ளி. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவியது. 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தம் வாழ்க்கையின் முதல் ஓட்டை இங்கேதான் போட்டார். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மண்டேலா நினைவிடங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடக்கூடாது.

மதியம் டர்பன் திரும்பி, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சௌ சாப்பிடலாம். சைவம் வேண்டுமானால் ‘பீன்ஸ் பன்னி’ என்று கேளுங்கள்.

5. இரண்டாம் நாள்: மாரிட்ஸ்பர்க்

தூரம் 80 கிலோமீட்டர். பயணத்தின் நடுமையம் இதுதான். முழு நாளையும் கொடுங்கள்.

முதலில் ஸ்டேஷன், காலையில். சிவப்புச் செங்கல் விக்டோரியாக் காலக் கட்டடம். நகரின் அந்த ஓரத்தில் வெறிச்சோடிய மூலைகள் உண்டு. காரில் பை, போன் எதுவும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்.

பிளாட்பாரத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. எல்லாரும் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் காத்திருப்பு அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உடன் பிள்ளைகள் இருந்தால், அந்த இரவைப் பற்றி காந்தி எழுதியதை அங்கே வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பக்கம்தான். திரை சொல்லாமல் விட்ட பாதி அப்போதுதான் பிள்ளைகளுக்கு விளங்கும்: மறுநாள் அவர் ரயில்வே ஜெனரல் மேனேஜருக்குத் தந்தி அடித்தார், முறையிட்டார், அன்று மாலை ரயிலில் பயணத்தைத் தொடர்ந்தார்.

பிறகு நகர நடுவில் சர்ச் தெருவில் காந்தி சிலை. சம்பவத்தின் நூற்றாண்டான 1993இல் டெஸ்மண்ட் டூட்டு திறந்துவைத்தது. பதினைந்து நிமிடம் போதும்.

மூன்றாவதாகப் பர்கர் தெருப் பழைய சிறை. வழிகாட்டி நூல்களில் இதை ஸ்டேஷனோடு சேர்த்துச் சொல்வது குறைவு. தமிழர்களுக்கோ இது ஸ்டேஷனுக்குச் சமமான இடம். 1913இல் எல்லை தாண்டிக் கைதான கஸ்தூரிபாவும் மற்றப் பெண்களும் மாரிட்ஸ்பர்க் சிறைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். மூன்று மாதக் கடுங்காவல் பெற்ற பதினைந்து வயது வள்ளியம்மையும் இங்கேதான் அடைபட்டாள். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அன்று அவளுக்குப் பதினாறு வயது நிறைந்த நாள். கட்டடம் இப்போது ஒரு சமூகத் தொண்டு அமைப்பின் கையில் இருக்கிறது. முன்பே பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றி முதலில் சிறைக்குப் போகாதீர்கள். ஸ்டேஷனில் ஒருவர் எடுத்த முடிவு, இருபது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ஒரு சிறுமியைச் சிறைவரை கொண்டுவந்தது. அந்த ஒழுங்கில் நடந்தால்தான் அது மனதில் பதியும்.

மாலையில் லாங்காலிபலேலே தெருவில் (பழைய லாங்மார்க்கெட் தெரு) உள்ள சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும் கோயில் இது. இரவு மாரிட்ஸ்பர்க்கிலேயே தங்குங்கள். மறுநாள் ஓட்டம் நீளமானது.

6. மூன்றாம் நாள்: எல்லைச் சாலை

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஹோவிக் அருகே ஆர்103 சாலையில், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம் இருக்கிறது. ஐம்பது எஃகுத் தூண்கள் நிற்கும். கிட்டே போனால் வெறும் கம்பிகள். 35 மீட்டர் தள்ளி, பாதையில் குறித்த இடத்தில் நின்றால்தான் முகம் தெரியும். ஒரு மணி நேரம் போதும்.

என்3இல் லேடிஸ்மித் பக்கம் வரை போய், என்11இல் திரும்பி நியூகாசில். 1913 அக்டோபரில் தம்பி நாயுடுவும் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி வேலையை நிறுத்தவைத்த ஊர் இது. இங்கே பெரிய நினைவிடத்தை எதிர்பார்க்காதீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தொடருங்கள்.

வோல்க்ஸ்ரஸ்ட்டுக்குச் சற்று முன்னால் சார்ல்ஸ்டவுன். 1893இல் ரயில் பாதை இங்கே முடிந்தது; காந்தி குதிரைக் கோச்சுக்கு மாறினார். 1913 நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் இங்கிருந்துதான்.

வோல்க்ஸ்ரஸ்ட்டிலிருந்து என்11ஐ விட்டு ஆர்23இல் ஏறுங்கள். முதலில் பார்டேகோப்: 1893இல் கோச்சில் வந்த காந்தியை, கோச் பொறுப்பாளர் காலடியில் சாக்கின் மேல் உட்காரச் சொல்லி அடித்த இடம். படத்தில் இது இல்லை. அடுத்து ஸ்டாண்டர்டன்: நடைப்பயணத்தில் காந்தி இரண்டாம் முறை கைதான ஊர். பிறகு கிரேலிங்ஸ்டாட், பால்ஃபர். பால்ஃபரில் நடந்துவந்த அத்தனை பேரையும் பிடித்து ரயிலேற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவமானப்பட்டு ஒருவர் தனியாகப் போன வழியில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாயிரம் பேரோடு வந்திருக்கிறார். வண்டியில் இருப்பவர்களுக்கு இதைப் பார்டேகோப்பிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே வெறும் புல்வெளிதான் தெரியும்.

ஆர்23இல் லாரிகளும் குழிகளும் உண்டு. வேகம் எடுக்காதீர்கள், இருட்டும் முன் ஹைடல்பர்க்கைத் தாண்டிவிடுங்கள். ஆர்23ஐ விட்டு என்3இலேயே போகிறவர்கள் வான் ரீனன்ஸ் கணவாயில் மூடுபனிக்கும் லாரி நெரிசலுக்கும் தயாராக இருக்கவேண்டும். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி வாகனங்கள் இரவு முழுவதும் சிக்கிக்கொண்டன.

7. நான்காம் நாள்: ஜோஹானஸ்பர்க் நகருக்குள்

காலை முதல் வேலை பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டம். பெரிய தோட்டம், தனியாகச் சுற்றித் தேடினால் ஒரு மணி நேரம் போய்விடும். வாசல் அலுவலகத்தில் வரைபடம் கேளுங்கள். “வள்ளியம்மா, நாகப்பன்” என்று பெயர் சொல்லுங்கள். நாகப்பன் பதினெட்டு வயதில் சிறையில் குளிரில் வாடி, விடுதலையானதும் நிமோனியாவால் 1909 ஜூலை 6 அன்று இறந்தவர். இருவரின் நினைவுக் கற்களையும் 1914 ஜூலை 15 அன்று காந்தியே திறந்துவைத்தார். மூன்று நாள் கழித்து இந்த நாட்டை விட்டே புறப்பட்டுவிட்டார். கும்பலாகப் போங்கள்; காலை வேளையே நல்லது. பூவை அன்று காலை ஜோஹானஸ்பர்க்கிலேயே வாங்குங்கள். கற்பூரம் ஏற்றுவதானால் தட்டில் ஏற்றுங்கள். கல்லின் மேல் வைத்தால் கரி படிந்து எழுத்து மங்கும்.

அடுத்து, பக்கத்திலேயே உள்ள கான்ஸ்டிடியூஷன் ஹில். பழைய கோட்டைச் சிறையும் ‘நம்பர் ஃபோர்’ பகுதியும் இங்கே. காந்தி இங்கே கைதியாக இருந்தார். வழிகாட்டியோடு போகும் சுற்றில் நீளமானதை எடுங்கள். சின்னச் சுற்றில் பெண்கள் சிறையைப் பார்க்க நேரம் போதாது.

மதியத்துக்குப் பிறகு நியூடவுனில் ஹமீதியா பள்ளிவாசல். வெளியே கொப்பரை நினைவுச் சின்னம் இருக்கிறது. எரிப்புக் காட்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது உடனே பிடிபடும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் போகாதீர்கள். பயண நாட்களைக் குறிக்கும்போதே நான்காம் நாள் வெள்ளியாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஃபோர்ட்ஸ்பர்க்கில் சாப்பாடு நன்றாகவே கிடைக்கும்.

காந்தி சதுக்கத்தில் வக்கீல் அங்கி அணிந்த இளம் காந்தியின் சிலை உண்டு. பஸ் நிலையச் சந்தடிக்கு நடுவே இருக்கிறது. போனைக் கையில் ஏந்தி நிற்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்குவதற்கு ஆர்ச்சர்ட்ஸ் பகுதியில் உள்ள சத்தியாகிரக இல்லத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் காலன்பாக்கும் காந்தியும் சேர்ந்து வாழ்ந்த வீடு. இப்போது அருங்காட்சியகமும் விடுதியுமாக இருக்கிறது. அறைகள் குறைவு, வாடகை சற்று அதிகம். தங்க முடியாவிட்டாலும் பகலில் பார்வையிடக் கேளுங்கள்.

8. ஐந்தாம் நாள்: டால்ஸ்டாய் பண்ணை

நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர், லாலி பக்கம். 1910இல் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். சிறை சென்றவர்களின் குடும்பங்கள் இங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். பழைய கட்டடம் எதுவும் முழுதாக இல்லை. ஆகவே இதை முதல் நாளில் வைக்காதீர்கள். மற்ற இடங்களைப் பார்த்த பிறகு வந்தால்தான் இந்த வெறும் நிலம் பேசும்.

தனியாகக் காரில் போய்த் தேடவேண்டாம். பண்ணைக்கு அருகே இந்தியர்கள் வாழும் லெனேசியாவில் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களோடு போங்கள். இல்லையென்றால் அங்குள்ள தமிழ்க் கோயில்களில் விசாரித்தால் வழி சொல்ல ஆள் கிடைக்கும். பண்ணையில் தண்ணீரோ கடையோ இருக்கும் என்று எண்ணாதீர்கள். தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு மூன்றும் வேண்டும்.

அன்றே விமானம் என்றால் பதினொரு மணிக்குப் பண்ணையை விட்டுக் கிளம்புங்கள். ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் நகரின் மறுபக்கம். சாலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காரைத் திருப்பிக் கொடுக்க அரை மணி வேண்டும். பெட்ரோலை முந்தின இரவே நிரப்பிவிடுங்கள்.